காது கேட்காத கார்டு

"எந்திரிங்க அண்ணே! நீங்க உட்கார்ந்திருக்கறது என் கார்டு மேல!"

"இல்லைம்மா, என் நாற்காலி மேல."

"நாற்காலிக்கும் உங்களுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே, அதைக் குடுங்க!"

ஸ்டோர்கீப்பர் அசையவில்லை. அடைகாக்கிற கோழி மாதிரி இன்னும் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்தார்.

டெலிபோன் மெக்கானிக்குக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆபீசுக்கு இது மூன்றாவது நடை. "இன்னிக்கும் சரி பண்ணி மானேஜர்கிட்ட கையெழுத்து வாங்கலைன்னா, நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லித்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

கோளாறு என்னவோ சின்னதுதான். நாம் எண்ணை அழுத்தும்போது 'பீப்' என்கிறதே, அதைக் கேட்டு, அழுத்தியது எந்த எண் என்று டெலிபோன் பெட்டிக்குச் சொல்வது ரிசீவர் கார்டு. பெட்டிக்குள் அப்படி நாலு. யார் போனை எடுத்தாலும் முறைபோட்டு ஒன்று வந்து காது கொடுக்கும். அதில் நாலாவது சுத்தச் செவிடு. அதனிடம் மாட்டும் அழைப்பை எங்கே அனுப்புவதென்று தெரியாமல், பெட்டி அதை ஆபரேட்டர் தலையில் கட்டிவிடும். ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பி நாலு வருஷமாகிறது. அவருடைய போன் மட்டும் இந்த ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

முதலாளி அக்கவுண்ட்ஸைக் கூப்பிடப்போய் ஸ்டோர்கீப்பரின் "வணக்கம்"தான் மூன்று தடவை கிடைத்தது. புகார் பறந்தது.

"புதுக் கார்டு மாட்டினா உங்களுக்குத்தானே நிம்மதி? இல்ல, ஊர்ப் பேச்சைக் கேட்டே பழகிட்டீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. உட்கார்ந்தபடியே எட்டி எடுத்தார்.

"மூளை இருக்காய்யா உனக்கு? பார்சல் எங்கேய்யா?" மானேஜரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தப்புதான் சார்... ஹச்... இனிமே நடக்காது சார்... ஹச்..." டெஸ்பாட்ச் கிளார்க்கின் மூக்கடைத்த குரல், தும்மல் உட்பட, அச்சு அசலாக ஸ்டோர்கீப்பர் வாயிலிருந்து வந்தது.

ஐந்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனை வைத்தார்.

"அந்த மனுஷனுக்கு இப்பதாம்மா நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. தாங்க மாட்டார். எனக்கென்ன, எருமைத் தோல்."

"மத்தவங்களுக்கு?"

"டைப்பிஸ்ட் பொண்ணுக்குக் கீச்சுக்குரல். டிரைவருக்குக் கட்டைக்குரல். வாட்ச்மேனுக்கு மட்டும் கொஞ்சம் இருமணும். மூணு வருஷமா இந்த ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணும் கலங்கலை, தெரியுமா?"

"நாலு கால்ல ஒண்ணுதானே அண்ணே இங்க வரணும்?"

"மத்தவங்க போட்டா அப்படித்தான் வருது. மானேஜர் திட்டு மட்டும் ஒண்ணு தப்பாம இங்கதான் வருது. என் ராசி அப்படி!"

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு வேலை போயிடும் அண்ணே."

ஸ்டோர்கீப்பர் எழுந்தார். கார்டை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். வெதுவெதுவென்று இருந்தது.

"போய் மாட்டும்மா. உன் வயித்துல நான் அடிக்க மாட்டேன்."

பெட்டியைப் பத்து நிமிஷம் அணைக்க வேண்டும். அனுமதி கேட்க மானேஜர் அறைக்குப் போனாள். எதிரே முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த டைப்பிஸ்ட் அடிச்ச லெட்டர்ல மூணு தப்பு. என் காதுபடத் திட்டுய்யா. அழுகைச் சத்தம் எனக்குக் கேக்கணும்!"

"கேக்க வெச்சுடறேன் சார்." மானேஜர் அவளை நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டுப் போனை எடுத்தார். காதில் வைத்தார். கீழே வைத்தார்.

"என்னய்யா?"

"லைன் சரியில்லை சார்."

மறுபடி எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். வைத்தார்.

நாலாவது தடவை எடுத்தபோது போனிலிருந்து ஒரு கரகரப்பு வாசல்வரை வந்தது. செவிட்டுக் கார்டுக்கு மட்டுமே உள்ள கரகரப்பு. காலையிலிருந்து அதோடுதான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மானேஜர் முகம் மலர்ந்துவிட்டது. எண்ணை அழுத்தினார். "அடிச்ச லெட்டர்ல மூணு தப்பு! அறிவிருக்கா உனக்கு!" என்று கூரை அதிரக் கத்தினார்.

மறுமுனையில் கீச்சுக்குரல் ஒன்று தேம்பித் தேம்பி அழுதது. முதலாளி பாட்டுக் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

திட்டை நிறுத்தாமலே மானேஜர் அவள் கையிலிருந்த படிவத்தை இழுத்தார். 'பழுது நீக்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் எழுதினார்:

'எதையும் தொட்டுடாதேம்மா.'