காரணம் சொல்ல மாட்டோம்

"என் கிட்னியில என்ன கோளாறுன்னு சொல்லுங்க டாக்டர்! வேண்டாம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா ஆச்சா?"

ஹோக்கன் போட்ட சத்தத்தில், வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வடக்கு நார்வேயின் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இப்படி யாரும் கத்தி வழக்கமில்லை.

டாக்டர் ஐனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க கிட்னியை எடுத்துக்கறதில்லைன்னு முடிவாயிருக்கு. காரணத்தை நான் சொல்லக் கூடாது. கொடுக்கறவங்க விஷயத்தை வாங்கறவங்க முன்னாடி பேச மாட்டோம். அதுதான் இங்க வழக்கம்."

"ரொம்ப நல்ல வழக்கம்!"

பக்கத்து நாற்காலியில் ஹோக்கனின் தங்கை சிக்ரூன் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். போன செப்டம்பரில், சுருங்கிப்போன இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் அன்றைக்கே அவள் பெயரை நிறுத்திவைத்தார்கள். கட்டியை எடுத்தாலும் இரண்டு வருடம் பொறுக்க வேண்டியிருக்கும், புற்று திரும்பவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்றார்கள்.

அந்த வாரம்தான் ஹோக்கன், சர்ச் முடிந்து எல்லாரும் காபி குடிக்கிற நேரத்தில் எழுந்து நின்று, ஊரே கேட்கச் சொன்னார்: "எவனோ சாகற வரைக்கும் என் தங்கச்சி ஏன் காத்துக் கிடக்கணும்? அவ தேறி வரட்டும். என் கிட்னி ஒண்ணு அவளுக்குத்தான்." உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. துறைமுகத்தில் பார்க்கிறவர்களெல்லாம் தோளைத் தட்டினார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நல்ல செய்தி ஒன்று வந்தது. எடுத்த கட்டி இரண்டே சென்டிமீட்டர், வெளியே எங்கும் பரவவில்லை. இந்த அளவுக்கு இரண்டு வருடம் காக்கவைக்கத் தேவையே இல்லை என்று தலைநகரத்து மருத்துவக் குழு சொல்லிவிட்டது. மறுநாளே ஹோக்கனுக்குப் பரிசோதனைகள் ஆரம்பமாயின. அதற்குத்தான் இன்றைக்கு இந்தப் பதில். கொடுக்கிறேன் என்று வலிய வந்து நிற்கிறவனை வேண்டாம் போ என்றால், யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

"பனியில ஐம்பது கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டறவன் நான். குளிர்காலம் பூரா கடல்லதான் கிடக்கேன். ஒரு தலைவலி மாத்திரை போட்டது கிடையாது. என்னைப் பார்த்து லாயக்கில்லைங்கறாங்க!"

"அப்படி நான் சொல்லலை" என்றார் டாக்டர்.

"வேற எப்படிச் சொன்னீங்க? ரகசியமாம் ரகசியம்! என் உடம்பு, நானே சொல்றேன், என் தங்கச்சி முன்னாடியே உடைச்சுப் பேசுங்க!"

டாக்டர் ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "சம்மதம்னு இதுல கையெழுத்துப் போடுங்க. இப்பவே சொல்லிடறேன்."

ஹோக்கன் தாளைத் தள்ளிவிட்டார். "உங்க காகிதத்தை நீங்களே வச்சுக்கோங்க! கையெழுத்தை வாங்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுவீங்க. அதை நாங்க நம்பணுமாக்கும்."

"விடு அண்ணா" என்றாள் சிக்ரூன். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "இனிமே என் கதி என்ன?"

"உங்க பேரைப் பட்டியல்ல மறுபடி சேர்த்தாச்சு. இறந்தவங்ககிட்ட இருந்து பொருத்தமான கிட்னி கிடைக்கணும். எவ்வளவு நாளாகும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் டயாலிசிஸ்தான். வலது பக்கமும் கட்டி வரலாம், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்."

"அப்படி வந்தா?"

"மறுபடி உங்க பேரை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்."

அவள் பொறுமை அத்தோடு போயிற்று. "வெட்டி எடுத்துக்கோங்கன்னு என் கூடப்பொறந்தவன் வந்து நிக்கறான். அவனைத் திருடனை மாதிரி வாசலோட திருப்பி அனுப்பறீங்க. நீங்கள்லாம் மனுஷங்கதானா? உங்க வீட்டுல ஒருத்தர் அந்த மெஷின்ல படுத்திருந்தா இப்படித்தான் வழக்கம் பேசுவீங்களா? புகார் எழுதப்போறேன். உங்க பேரைப் போட்டே எழுதப்போறேன்."

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "எழுதுங்க. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நர்ஸ் கதவைத் திறந்து, டயாலிசிஸ் நேரமாகிவிட்டது என்றாள். சிக்ரூன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ என்ன பண்ணுவே பாவம். உன்னை மாதிரி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்? நீ கொடுத்துட்டதாவே நான் நெனச்சுக்கறேன்."

"அழாதே சிக்ரூன். அந்தப் புகார்ல முதல் கையெழுத்து என்னோடதுதான்!"

அவள் போனதும் ஹோக்கன் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"கொஞ்சம் அதிகமாவே கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க டாக்டர். போன வாரம் நான் தனியா வந்து, பயமா இருக்கு, என்னால முடியாதுன்னு சொன்னதை அவகிட்ட மூச்சு விடாம இருந்தீங்களே, ரொம்ப நன்றி. ரெண்டு வருஷம் கழிச்சுத்தானேன்னு தைரியமா வாக்குக் கொடுத்துட்டேன். இவ்வளவு சீக்கிரம் அவளைத் தேத்திடுவீங்கன்னு யாரு கண்டா?"