வகுப்புக்கு ஒரு முடிச்சு

டை கழலவில்லை.

இழுத்தால் இறுகியது. தளர்த்தினாலும் இறுகியது. ருஷ்தி முடிச்சுக்குள் அறைச் சாவியை விட்டு நெம்பினான். என் கண் பிதுங்கியதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை.

"மூச்ச உள்ள இழுடா."

"நீ விட்டாத்தானடா இழுக்க."

பக்கத்தில் சந்திரகுமார் சட்டைக் கொலரை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மாலைக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளைபோல நின்றான். அடுத்து பரீட்சைக்கு உள்ளே போகவேண்டியவன் அவன். வகுப்புப் பையன்கள் எல்லோருக்கும் இந்த ஒரு டைதான். மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். கடைசி ஆள் இவன்.

டை வாங்கலாம். முடிச்சை எங்கே வாங்குவது?

இது மடவளையில் ருஷ்தியின் நானா, அதாவது அவன் அண்ணன், போட்டுத்தந்த முடிச்சு. அவர் கட்டாருக்குப் போய்விட்டார். யூடியூப் பார்த்து நாங்கள் போட்டவை மாடு கட்ட உதவும். ஆகவே இதை யாரும் அவிழ்ப்பதில்லை. தளர்த்தி, காது மடங்கத் தலைவழியே கழற்றி, அடுத்த தலையில் மாட்டுவோம்.

'வியாபார உபாயமும் ஒழுங்கமைப்பும்: ஓர் அறிமுகம்' என்ற எங்கள் பாடத்தில், போட்டியாளரால் பார்த்துச் செய்யமுடியாத வளம்தான் நிறுவனத்தைக் காப்பாற்றும் என்று வருகிறது. எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. இன்று காலை கண்டி மழையில் அது நனைந்தது. போதாததற்கு, உள்ளே பேசியபோது ஆங்கிலம் வராத இடத்திலெல்லாம் நான் அதைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

நிறைய இடத்தில் வரவில்லை.

மயில்வாகனம் சேர் வெளியிலிருந்து வரும் விரிவுரையாளர். எங்களை அவருக்கு முகம் தெரியாது. அவர் வகுப்புக்கு நாங்கள் அதிகம் போனதில்லை, ஆகவே குற்றம் சொல்வதற்கில்லை. ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பேசவைத்து மார்க் போடுவார். டை இல்லாவிட்டால் வாசலோடு சைபர். எலாஸ்டிக் வைத்த டைக்கும் சைபர், அதைச் சிரித்துக்கொண்டு போடுவார். காரணம் சொன்னால், காரணம் உபாயம் ஆகாது என்பார்.

சந்திரகுமார் இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை பெயில். மூன்றாவதுதான் கடைசி. இதுவும் போனால் பட்டம் கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கம்பளை பஸ் ஏறவேண்டியதுதான்.

"வெட்டிருவமா?" என்றான் ருஷ்தி.

"வெட்டிட்டு நான் எதக் கட்டிக்கிட்டுப் போறதாம்? ஒன் நாக்கையா?"

கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "சந்திரகுமார்!"

ருஷ்தி சாவியை முடிச்சிலிருந்து உருவினான்.

"சந்திரகுமார் வந்திருக்கிறாரோ, இல்லையோ?"

சந்திரகுமார் என்னைப் பார்த்தான். என் கழுத்தைப் பார்த்தான். பிறகு தன் பென்டிரைவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

டை உள்ள கழுத்து ஒன்றுதான் இருந்தது. அது உள்ளே போனது. என்னையும் இழுத்துக்கொண்டு போனது.

ப்ரொஜெக்டருக்காகத் திரைச்சீலை எல்லாம் இழுத்துவிட்ட அறை. சேர் மார்க் தாளிலிருந்து கண்ணை உயர்த்தினார். சப்பாத்து. பெல்ட். டை. அதோடு நின்றது பார்வை. உடைக்கான மார்க் அதுவரைக்கும்தான், முகத்துக்கு மார்க் இல்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

நான் பேசினேன்.

கம்பளையில் ஒரே தெருவுக்கு ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் இரண்டு பேக்கரி ஓட்டோக்கள், அதில் ஒன்று மட்டும் எப்படிப் பிழைத்தது என்பதுதான் விஷயம். ஒரு கிழமையாக ஹொஸ்டலில் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து சந்திரகுமார் சொல்லிச் சொல்லிப் பழகியது. எனக்கே மனப்பாடம். சற்று முன் நான் என் பெயரில் பேசியது, பார்த்தும் இராத ஒரு விமானக் கம்பனியைப் பற்றி, இணையத்திலிருந்து எடுத்தது.

என் பெயரில் பேசும்போது வராத ஆங்கிலம் அவன் பெயரில் வந்தது. டையை ஒரு தடவையும் தொடவில்லை.

"நல்லது சந்திரகுமார். உமக்குப் பாஸ்."

வெளியே இரண்டு பேரும் காது வைத்திருந்த கதவு லேசாக ஆடியது. நான் திரும்பினேன்.

"நில்லும். உமக்கு முன்னால வந்தவர், ஜனார்த்தனன். ஆளைத் தெரியுமோ?"

ஜனார்த்தனன் என்பது நான்.

"தெரியும் சேர்."

"கரையில நிக்கிறார். ரெண்டு மார்க் போட்டா ஏறிவிடுவார். படிக்கிற பிள்ளையோ? நீர் சொன்னா நான் போடுவன்."

சொல்லலாம். அவனைப் பற்றி என்னளவு தெரிந்தவர் இல்லை. வாயைத் திறந்தேன்.

பதிலுக்காக அவருடைய தலை தாளிலிருந்து மெல்ல உயரத் தொடங்கியது. சப்பாத்து. பெல்ட். இன்னும் இரண்டு வசனம் பேசினால் முகத்துக்கு வந்துவிடும். வந்தால் சந்திரகுமாரின் பாஸும் போய்விடும்.

"அவ்வளவா பழக்கமில்ல சேர்."

பார்வை டையில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பேனா எதையோ எழுதியது.

"அப்ப அடுத்த வருஷம் வரட்டும்," என்றார் குனிந்தபடி. "அந்த டையை அவரிட்டையே குடுத்துவிடும். தேவைப்படும்."

வெளியே சந்திரகுமார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். ருஷ்தி சும்மா முடிச்சில் ஒரு விரலை வைத்தான்.

சுகமாக இளகியது.