வலக் கண், இடக் கண்

தொண்ணூற்றெட்டு.

நூறு படத்துக்குத் தொண்ணூற்றெட்டு சரி. திரையில் இருந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண் ஆஸ்பத்திரியின் மாடியறை. மதியம் இரண்டு மணி. பெரிய டாக்டருக்கு மெயில் தயார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

திங்கட்கிழமை முகாமுக்கு அவன் எழுதிய மென்பொருள் போகும். விழித்திரைப் படத்தைப் பார்த்து, சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டிருக்கிறதா என்று அதுவே சொல்லும். இல்லை என்று சொன்னால் ஆள் வீட்டுக்குப் போகலாம். டாக்டர் பார்க்கமாட்டார்.

ஜெசிந்தா சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினான். மென்பொருளுக்காகச் சேர்த்த நாலாயிரம் படமும் அவள் எடுத்தவை. டாக்டர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றிலும் நோய் உண்டா இல்லையா என்று குறித்தவளும் அவள்தான். பீற்றிக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை.

"இது மிஷின் படிச்ச படம் சிஸ்டர். பக்கத்துல இருக்கறது பரீட்சைக்கு வச்சது. முன்னப்பின்ன பாக்காதது."

அவள் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே ஆளுல்லா சார். இருமிக்கிட்டே இருந்த தாத்தா. இது வலக்கண்ணு, அது இடக்கண்ணு."

சிரித்தான்.

பிறகு சிரிப்பு நின்றது.

நாலாயிரம் படத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் பிரித்தவன் அவன்தான். படங்களைப் பிரித்தான். ஆட்களைப் பிரிக்கவில்லை. ஒருவரின் வலக் கண்ணைப் படித்துவிட்டு, அவருடைய இடக் கண்ணிலேயே மிஷின் பரீட்சை எழுதியிருக்கிறது.

"கேள்வித்தாள மொத நாளே பாத்த கதயால்லா இருக்கு" என்றாள் ஜெசிந்தா. கீழே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

ஆள்வாரியாகப் பிரித்தான். ஒருவரின் இரண்டு கண்ணும் ஒரே பக்கம். மறுபடி முதலிலிருந்து படிக்க விட்டான். ஒன்றரை மணி நேரம் நகம் கடித்தான்.

எழுபத்தொன்பது.

தவறவிட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். பெயர் இருக்காது. எண் மட்டும்.

3106. இடக் கண்.

அந்த எண் அவனுக்கு மனப்பாடம். அந்த எண் போட்ட சீட்டோடு ஆறு முறை கீழே வரிசையில் நின்றிருக்கிறான்.

அம்மா.

மென்பொருள் சொன்னது: நோய் இல்லை. வீட்டுக்குப் போகலாம்.

டாக்டர் சொல்லி ஜெசிந்தா குறித்தது: நோய் உண்டு. உடனே லேசர்.

மதியம் இதே கண்ணைச் சரியாகச் சொன்னது. வலக் கண்ணை ஏற்கெனவே பார்த்திருந்ததே.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அம்மா வந்த அன்று, இந்த மென்பொருள் இல்லை. ஜெசிந்தா இருந்தாள். நல்லவேளை என்று வாய்விட்டே சொன்னான். இருமின தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் சொன்னான்.

மெயிலில் தொண்ணூற்றெட்டை எழுபத்தொன்பது என்று திருத்தினான். இது இன்னும் தேறவில்லை, முகாமுக்கு டாக்டரே போக வேண்டும் என்று எழுதினான். கடைசி வரியில், தவறைக் கண்டுபிடித்தவர் ஜெசிந்தா சிஸ்டர் என்று சேர்த்தான்.

அனுப்பினான்.

போனை எடுத்தான். தினமும் காலையில் அம்மா ஒரு ரோஜாப் படம் அனுப்புவாள். கீழே ஒரு வரி, தானே தட்டியது. அவன் ஒருநாளும் பதில் போட்டதில்லை.

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு காலைகூட விட்டுப்போகவில்லை. லேசர் வைத்த கண்தான்; ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

'காலை வணக்கம், அம்மா' என்று அனுப்பினான்.

மணி நாலு.

உடனே பதில் வந்தது.

'இப்பதான் விடிஞ்சுதாக்கும் ஒனக்கு.'