மெஷினுக்கு ஒரு குடம்

"குடிக்கிற தண்ணிய இப்படி மெஷின்ல ஊத்தி வீணாக்குறீங்களே, இது அடுக்குமா?"

மொட்டை மாடிக் கதவை மறித்துக்கொண்டு கேட்டாள் தையல்காரி. தெருவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியரம்மா குடத்தை முழுசாகக் கவிழ்த்தாள். தண்ணீர் மெஷினுக்குள் ஓடி, அடியில் இருந்த குழாய் வழியாகச் சாக்கடையில் போய் விழுந்தது.

அந்த மெஷினைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். உப்புக் கிணற்றுத் தண்ணீரை வெயிலிலேயே சூடாக்கி, மெல்லிய சவ்வு வழியாக ஆவியை மட்டும் விட்டு, நல்ல தண்ணீராக இறக்கிக் கொடுக்கும். சுற்றியிருந்த தெருக்களெல்லாம் அதை நம்பித்தான் இருந்தன. ஆனால் இந்த வாரம் வானம் மூடிக்கிடந்தது. வீட்டுக்குத் தினம் ஒரு குடம்தான் என்றாகிவிட்டது.

"என் தங்கச்சி பச்சைக் குழந்தையோட வந்திருக்கா. பால் மாவு கலக்கவே தண்ணி பத்தல. நீங்க என்னடான்னா சாக்கடைக்குத் தானம் பண்றீங்க."

"சவ்வுல உப்பு காய்ஞ்சுதுன்னா அடைச்சுக்கும்க்கா. தினமும் நல்ல தண்ணியில கழுவியே ஆகணும்."

"அதுக்கு எங்க தண்ணிதான் கிடைச்சுதா?"

இன்ஜினியரம்மா வால்வை மூடப் போய்விட்டாள்.

ஜட்ஜம்மா விடுவாளா? அடுத்த தெருவில் இருந்த இன்ஜினியரம்மா வீட்டுக்கே போய்விட்டாள். வீட்டு மனுஷரிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இன்ஜினியரம்மாவின் கணவர் கதவைத் திறந்தார். ஜட்ஜம்மாவை அவர் முன்பின் பார்த்ததில்லை.

"யாரும்மா? இப்படி மூச்சு வாங்குது. மொதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம்."

சண்டை போடவும் தொண்டை ஈரமாக வேண்டுமே. வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். முகம் கோணிப்போனது.

"என்ன இது, ஒரே உப்பு?"

அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா, கிணத்துத் தண்ணிதான். வெயில் திரும்புற வரைக்கும் எங்க வீட்டுக் குடம் அந்த மெஷினைக் கழுவப் போகுது. எல்லாருக்கும் குடுக்கிறதுல இருந்து எடுக்கக் கூடாதுன்னுட்டா என் வீட்டுக்காரி. பக்கத்துத் தெருவுல தையல்காரம்மா யாரோ இருக்காங்களாமே, அவங்க வீட்டுல பச்சைக் குழந்தையாம். அதுக்குக் குறைஞ்சிடுமாம்."