பரீது பாய் கொடுத்த பாட்டில்

குற்றாலத் தண்ணீருக்கு விலையே கிடையாது என்பார்கள். பரீது பாய் லாட்ஜின் கிணற்றடியில் ஒரு குளியல் நாற்பது ரூபாய்.

கிருமி ஆராய்ச்சி செய்யும் நிர்மலாதேவி ஆய்வகத்திலிருந்து நேரே லாட்ஜுக்கு ஓடிவந்தாள்.

"பாய், கிடைச்சிட்டு! பதினெட்டு லாட்ஜ்ல பாட்டில் குடுத்துக் கிணத்துத் தண்ணி கேட்டேன்லா? உங்க பாட்டில்ல மட்டும் வளந்துருக்கு!"

"என்னது?"

"மைக்கோபாக்டீரியா! காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. மண்ணுல, தண்ணியில இருக்கும், அநேகமா ஆளை ஒண்ணும் செய்யாது. மூணு வாரமாத் தேடுதேன்!"

"மெதுவாப் பேசும்மா! சாரல் சீசன். காசநோய்னு காதுல விழுந்தா அத்தனை ரூமும் காலியாயிரும்."

"கட்டுரையில உங்க லாட்ஜ் பேரையே போடுதேன் பாய்!"

"பக்கத்து லாட்ஜ் பேரைப் போடேன். அடுத்த சீசன் பூரா உனக்கு ரூம் சும்மா."

"கிருமி விஷயத்துல பேரமா?"

பாய் நாற்காலியில் சரிந்தார்.

"அப்ப உள்ளதைச் சொல்லிருதேன். கிணத்துல ஏதாவது இருந்து தொலைக்கும்னு பயந்து, உன் பாட்டில்ல கேன் தண்ணியை ஊத்திக் குடுத்தேன். இருக்கதுலயே சுத்தமானதுன்னு ரெண்டு மடங்கு விலை குடுத்து வாங்கினது!"

நிர்மலாதேவி ஒரு கணம் முறைத்தாள். பிறகு துள்ளினாள்.

"சீல் வச்ச கேன்லயா? இது அதைவிடப் பெரிய சேதி பாய்! அந்தக் கேன் எங்க?"

வரவேற்பு மேஜையிலேயே நோட்டைத் திறந்து, பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்:

'கிணறு பதினேழு: கிருமி இல்லை. கேன் ஒன்று: இருக்கிறது. பரீது லாட்ஜ் கிணறு: பாக்கி.'