பதினேழு தடவை வந்தவர்

“நேத்து ஒரே நாள்ல அந்த டிவிக்காரர் நம்ம கடைக்குப் பதினேழு தடவை வந்துட்டுப் போயிட்டார்!” என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும், சமையல் மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டார். சர்வர் தட்டைக் கீழே போட்டார். கல்லாவில் இருந்த முதலாளியம்மா மட்டும் எதையும் கீழே போடவில்லை.

“நேத்து நம்ம கடைக்கு வந்ததே பதினேழு பேர்தான்,” என்றாள், தலையைத் தூக்காமலே.

“அதைத்தான் நானும் சொல்றேன்! அதுல அவர் எவர்னு யாருக்குத் தெரியும்? பதினேழும் அவராவே இருக்கலாம்!”

டிவிக்காரர் என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. படுத்துவிட்ட உணவகங்களுக்கு மாறுவேடத்தில் போய் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, மறுநாள் கேமராவோடு வந்து, கத்திக் கூப்பாடு போட்டு நிமிர்த்தி வைக்கிற நிபுணர். அந்த நிகழ்ச்சியை முதலாளி ஒரு வாரம்கூட விட்டதில்லை. தன் கடையில் ஓட்டுவதற்கு ஈகூட இல்லை என்றானதும், ‘எங்களையும் காப்பாற்றுங்கள்’ என்று விண்ணப்பம் போட்டுவிட்டார். போட்டு மூன்று வாரம் ஆகிறது.

யாராவது காப்பாற்றித்தான் ஆக வேண்டும். மாதக் கடைசிக்குள் மேசைகள் நிரம்பவில்லை என்றால் வாடகை ஒப்பந்தம் முடிந்தது, இடம் செருப்புக்கடைக்குப் போய்விடும் என்று கட்டிடக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

“அவர் வரமாட்டாருங்க. பேசாம வேலையைப் பாருங்க,” என்றாள் முதலாளியம்மா.

அவ்வளவுதான். அவள் ‘நடக்காது’ என்று சொன்ன எதையும் முதலாளி நடத்திக் காட்டாமல் விட்டதில்லை. அவர்கள் கல்யாணமே அப்படி நடந்ததுதான்.

“வருவார்! எந்த வேஷத்துல வேணும்னாலும் வருவார். இனிமே கதவைத் திறந்துட்டு வர்ற ஒவ்வொருத்தரும் அவர்தான். புரியுதா?”

டிவியில் படித்த பாடமெல்லாம் அன்றே கடைக்குள் இறங்கியது. நூற்று நாற்பது அயிட்டம் இருந்த மெனு அட்டையில் பதினொன்றுதான் மிஞ்சியது. பாரம் குறைந்ததில் சர்வரின் நாலு வருஷத் தோள்வலி பறந்துவிட்டது. பிரிட்ஜின் அடித்தட்டில் கிடந்த ஒரு டப்பாவைத் திறக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அது தானாகவே திறந்துகொண்டது என்று மாஸ்டர் இன்றும் சத்தியம் செய்கிறார்.

அடுத்து, முதலாளி தன் கடை சூப்பைத் தானே குடித்துப் பார்த்தார். கிண்ணத்தோடு நேரே அடுப்படிக்குப் போனார்.

“மாஸ்டர், இதையா நாலு வருஷமா ஊத்திட்டிருக்கோம்?”

“நீங்க குடிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்கா வெச்சிருப்பேனே முதலாளி!”

ஒருநாள் மூன்றாம் மேசையில் அடர்ந்த தாடியோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் முதலாளி குனிந்து, அந்தத் தாடியை மெல்ல ஓர் இழு இழுத்தார். தாடி வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. பதறிப்போய் அவருக்கு ஓசியில் இனிப்புக் கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினார். மறுநாள் அவர் நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு பேருக்கும் தாடி.

“முதலாளி, ஜன்னலோரம் உக்காந்திருக்கிற அந்தப் பிள்ளைத்தாச்சி மேலயும் எனக்கு ஒரு சந்தேகம்,” என்று சர்வர் காதைக் கடித்தார்.

“எதுக்கும் முதுகுக்கு ரெண்டு தலையணை வை. சூப்பு சுடச்சுடப் போகட்டும்.”

கதவு கிறீச்சிட்டால் போதும், மாஸ்டர் முதல் பாத்திரம் கழுவுகிற அக்கா வரை அத்தனை கழுத்தும் நீளும். முதலாளியம்மா மட்டும் வந்தவர் முகத்தை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. முதலாளி சோர்ந்து உட்காருகிற நாளில், “நான்தான் அப்பவே சொன்னேனே, அவர் வரமாட்டார்னு,” என்பாள். அவர் உடனே வாளியும் துணியுமாகத் துள்ளி எழுந்துவிடுவார்.

மாதக் கடைசியில் கட்டிடக்காரர் வந்தபோது அவருக்கே உட்கார இடமில்லை. நின்றபடி சூப்பைக் குடித்தார். நின்றபடியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

“அப்ப செருப்புக்கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வீங்க?” என்றார் முதலாளி.

“நான் என்ன சொல்றது? அதோ மூலையில உக்காந்து மூணாவது தட்டைக் காலி பண்ணிட்டிருக்கார். அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

மறுநாள் காலை முதலாளி ஸ்டூல் மேல் ஏறி, வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் ஆணி அடிக்கத் தயாரானார். கீழே, கையைக் கட்டிக்கொண்டு உலகத்தையே முறைக்கிற டிவிக்காரரின் ஆளுயரப் படம்.

“நம்மளைக் கரையேத்தின மகான்! கடைசி வரைக்கும் யாருன்னே காட்டிக்கலை பாத்தியா? இப்பவாவது ஒத்துக்கோ. அவர் வந்தார்தானே?”

முதலாளியம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்து, அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

“ஒத்துக்கறேன். வந்தார்.”

ஸ்டூலோடு ஒரு குதி குதித்தார் முதலாளி. “அப்படிச் சொல்லு! எப்ப வந்தார்? எந்த வேஷத்துல?”

“நீங்க விண்ணப்பம் போட்ட மூணாம் நாளே வந்தார். நீங்க உள்ளே உக்காந்து அவரோட நிகழ்ச்சியைப் பாத்துட்டிருந்தீங்க. ‘இதை யாராலயும் தேத்த முடியாதும்மா, இழுத்து மூடிடுங்க’ன்னுட்டுப் போயிட்டார்.”