குப்பைப் புகைக்கு ஒரு தீர்மானம்

மாதா கோயில் வளாகத்தில் குப்பை கொளுத்தக் கூடாது என்பதில் பங்குப் பேரவையில் யாருக்கும் மறுப்பில்லை. வாக்கெடுப்பு முறையில்தான் எட்டு மாதமாக இரண்டு கட்சி. தீர்மானத்தைக் கொண்டுவந்த ரோசம்மா, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், கோயில் மதிலை ஒட்டிய கடைவீட்டில் இருந்தாள். மகளுக்கு ஆஸ்துமா.

"கையத் தூக்குனா முடிஞ்சிடும் லா!" என்றார் பேரவை உறுப்பினர் பெர்னார்ட்.

"யாருக்குப் பயந்து தூக்குனாங்கன்னு எப்படித் தெரியும்? சீட்டுதான்!" என்றார் எதிர்க்கட்சியின் சுவிசேஷமுத்து.

"இங்க என்ன, போப்பாண்டவர் தேர்தலா நடக்குது?"

"அண்ணே, பிள்ளை மூச்சு விட முடியாம கிடக்கு. சீட்டாவே இருக்கட்டும்," என்ற ரோசம்மா, சுவிசேஷமுத்து நீட்டிய வாக்கெடுப்பு விதித்தாளில் படிக்காமலே கையெழுத்திட்டாள். பெர்னார்டும் அலுத்துப்போய்ப் போட்டார்.

இருபத்திரண்டு சீட்டும் ஆதரவு. கைதட்டல் ஓய்ந்ததும் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு ரோசம்மா வீட்டுக்கு ஓடினாள். மகளிடம் சொல்ல வாயெடுத்தபோது ஜன்னல் வழியே புகை புகுந்தது. பிள்ளை இருமத் தொடங்கினாள்.

ரோசம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஈரக் குப்பைமேடு புகைந்துகொண்டிருந்தது; பக்கத்தில் சுவிசேஷமுத்து நின்றிருந்தார்.

"யாரண்ணே கொளுத்தினது?"

"நான்தாம்மா, சீட்டையெல்லாம் இதுல போட்டு," என்றார் சுவிசேஷமுத்து. "எண்ணி முடிச்ச சீட்டை உடனே எரிச்சிடணும்னு விதியில இருக்கே. நீயும்தானே கையெழுத்துப் போட்ட?"